அடுப்பில் சுடாத கை

1

போன வாரம் கையுறையைக் கழற்றியாச்சு.

குளிக்கிற நேரம் தவிர ராப்பகலாக என் வலது கையில் குடியிருந்த சனியன் அது. தீக்காயத் தழும்பு மேடு தட்டிவிடாமல் அழுத்திப் பிடிப்பதற்கென்றே அளவெடுத்துத் தைத்துக் கொடுக்கும் கையுறை. கோடைகாலத்தில் அதைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினால், பக்கத்து சீட்டில் இருப்பவர் என் முகத்தையும் கையையும் மாறி மாறிப் பார்ப்பார். நானும் விடாமல் திருப்பிப் பார்ப்பேன். பயிற்சி கொடுக்கும் பெண் என் விரல்களை மடக்கி நீட்டிச் சோதித்துவிட்டு, இனி இது வேண்டாம் என்றதும் சுருட்டி அங்கேயே குப்பைத்தொட்டியில் போட்டேன். வீட்டுக்கு வந்து முதல் காரியமாக ரசம் வைத்து, சோற்றைக் கையால் பிசைந்து சாப்பிட்டேன். இத்தனை நாளும் ஸ்பூனில் அள்ளித் தின்றதெல்லாம் ஒரு சாப்பாடா?

கனடாவில் பிராம்ப்டன் என்கிற ஊரில் இருக்கிறேன். சொந்த ஊர் வெம்பக்கோட்டைக்குப் பக்கத்தில் தாயில்பட்டி. வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார்; வாரத்தில் பாதி நாள் அவருக்கு ரோட்டில்தான் குடித்தனம். மகள் மீனா பள்ளிக்கூடம் முடிக்கப்போகிறாள். தமிழில் திட்டினால் புரியும், தமிழில் பதில் சொல்லச் சொன்னால் பாதியில் இங்கிலீஷுக்கு ஓடிவிடுவாள். நான் வேலை பார்த்தது ஒரு பரோட்டாக் கம்பெனியில். விருதுநகரில் காலேஜ் படித்த காலமெல்லாம் எண்ணெய்ப் பரோட்டா வாசனையைப் பிடித்துக்கொண்டே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தவள், கடல் தாண்டி வந்தும் பரோட்டாவிடமே மாட்டிக்கொண்டேன்.

இந்தக் கையை வைத்துக்கொண்டு நான் பட்ட பாட்டை ஊர்க்காரர்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? இங்கே சொன்னால் ஒருவருக்கும் சட்டென்று புரிவதில்லை. புரியவைக்கத்தான் இம்புட்டு நாள் ஆயிற்று.

2

பரோட்டாக் கம்பெனி என்றதும், கல்லுக்கு முன்னால் மாஸ்டர் நின்று மாவை வீசி அடிப்பதை நினைக்காதீர்கள். இங்கே எல்லாம் மெஷின். உருண்டை உருண்டையாக மாவு வரும்; மேலே ஒரு சூடான தட்டு, கீழே ஒரு சூடான தட்டு; இரண்டும் சேர்ந்து அமுக்கினால் பரோட்டா. அரைவேக்காட்டில் எடுத்துக் குளிரில் உறையவைத்துக் கடைகளுக்கு அனுப்புவார்கள். தலைக்கு வலை, கைக்கு மெல்லிய உறை, காதுக்குப் பஞ்சு. பக்கத்தில் நிற்கிறவளிடம் ஒரு வார்த்தை பேசுவதானாலும் கத்த வேண்டும்.

அன்றைக்குக் காலையில் ஒரு பரோட்டா தட்டில் ஒட்டிக்கொண்டது. மெஷினை நிறுத்திவிட்டுத்தான் எடுக்க வேண்டும் என்பது சட்டம். நிறுத்தினால் லைன் முழுக்க நிற்கும், சூப்பர்வைசர் முகம் சுருங்கும். எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். கையை உள்ளே விட்டு உருவப் போனேன். மேல் தட்டு இறங்கிவிட்டது.

வலியைப் பற்றி எழுத எனக்கு மனசில்லை. குர்மீத் என்று ஒரு பஞ்சாபிக்காரர்தான் எங்கள் சூப்பர்வைசர். நல்ல மனுஷர். குழாய்த் தண்ணீரில் என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார், பிறகு தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். என்னை வாசலில் இறக்கிவிட்டு, கார் நிறுத்த இடம் தேடிப் போனார். நான் உள்ளே போனேன். மேஜைக்குப் பின்னால் இருந்த நர்ஸ் பெயரைக் கேட்டாள், பிறந்த தேதியைக் கேட்டாள். அப்புறம், இது எங்கே நடந்தது என்று கேட்டாள்.

“வீட்டில். சமைக்கும்போது” என்றேன். நல்ல சுத்தமான இங்கிலீஷில், ஒரு தடுமாற்றமும் இல்லாமல்.

யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. குர்மீத் அப்போது பக்கத்தில்கூட இல்லை. முதலாளி மிரட்டவில்லை, அவர் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை. கேள்வி வந்தது, வாய் பதில் சொல்லிவிட்டது. அவ்வளவுதான் நடந்தது.

அன்று காலையே வலி மாத்திரையின் மயக்கத்தோடு ஊருக்குப் போன் போட்டு பேச்சியக்காவிடம் சொன்னேன். என் கூடப்பிறந்தவள், எனக்கு மூத்தவள். கம்பெனியில் மெஷினில் கை மாட்டிக்கொண்டதையும், ஆஸ்பத்திரியில் அடுப்பு என்று சொல்லிவிட்டதையும் சொன்னேன். அழுதாள். அழுதுகொண்டே, “நல்லவேளை, அப்படிச் சொன்னியே. அதான் சரி” என்றாள். இரண்டு பேருக்கும் அது சரியாகத்தான் பட்டது.

3

எங்கள் பக்கத்தில் பட்டாசுத் தொழிற்சாலையை யாரும் அப்படிச் சொல்வதில்லை. பயராபீஸ் என்போம், ‘பயர் ஆபீஸ்’தான் வாயில் அப்படி ஆகிவிட்டது. எங்கே வேலை பார்க்கிறாய் என்றால், பயராபீஸில். வயக்காட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த எங்கள் தெரு முழுக்க, மழை ஏமாற்ற ஏமாற்ற, பயராபீஸ் வேனில் ஏறிவிட்டது. காலையில் வேன் வரும், பெண்கள் தூக்குவாளியோடு ஏறுவார்கள். சாயந்தரம் இறங்கும்போது எல்லார் கையும் வெள்ளி பூசின மாதிரி மினுங்கும். அலுமினியப் பொடி. என்ன தேய்த்தாலும் நகக்கண்ணில் கொஞ்சம் நிற்கும்.

பேச்சியக்காவுக்குக் கை வெந்தது நான் காலேஜ் படித்த காலத்தில், ஒரு லீவு நாளில். புஸ்வாணச் சட்டியில் வெடிமருந்தை அடைத்துக் கெட்டிக்கும்போது பொறி தட்டிவிட்டது. பெரிய விபத்தெல்லாம் இல்லை, பேப்பரில் வராத சைஸ். அவள் கை மட்டும் வெந்தது. எங்கள் பெரியப்பா மகன் சங்கரபாண்டி அண்ணன்தான் அந்தக் கம்பெனிக்குப் போர்மேன். எங்கள் வீட்டுக்கு எதிர்வீடு. தன் பைக்கில் அவளை நடுவில் உட்காரவைத்து, வீட்டு வாசலில் நிறுத்திப் பின்னால் என்னையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். வழியில் நிறுத்தி, அக்கா முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

“கேட்டா அடுப்புல பட்டுச்சுன்னு சொல்லிரு தாயி. இல்லைன்னா ஆபீசருக வந்து கம்பெனிக்குச் சீல் வச்சுருவாக. தீவாளி சீசன், ஊரே சோத்துக்கு எங்கன போகும்?”

அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. கெட்டவர் என்று அவரைச் சொல்ல மாட்டேன். வைத்தியச் செலவைக் கம்பெனி பார்த்துக்கொண்டது, அதையும் சொல்ல வேண்டும். டாக்டர் வந்து எப்படி ஆயிற்று என்று கேட்டார். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு அடுப்பு என்றாள். டாக்டர் அவள் நகத்தைப் பார்த்தார். எந்த ஊர் அடுப்பில் அலுமினியப் பொடி எரிகிறது? ஒன்றும் கேட்காமல் எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அடுத்த கட்டிலிலும் அடுப்புதான்.

காயம் ஆறியது, இரண்டு விரல் மடங்கிக்கொண்டது. மடங்கிய விரலோடு மருந்து கெட்டிக்க முடியாது என்று பெட்டி ஒட்டுகிற வேலைக்கு மாற்றினார்கள், கூலி குறைந்தது. யாரோ சொன்னார்கள் என்று இழப்பீடு கேட்டு விருதுநகருக்கு மனுவோடு போனாள். நான்தான் துணைக்குப் போனேன். ஆபீஸில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். ஆஸ்பத்திரிச் சீட்டைத் திருப்பிக் காட்டி, “அடுப்புன்னுல்லம்மா போட்டிருக்கு” என்றார். அக்கா தலையை ஆட்டினாள். வெளியே வந்தோம். வந்ததுதான் வந்தோம் என்று பஜாரில் மிளகாய் வற்றல் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினோம். பஸ்ஸில் வற்றல் நெடியில் தும்மிக்கொண்டே வந்தாள். அந்தப் பேச்சை அதற்கப்புறம் அவள் எடுக்கவே இல்லை.

4

இங்கே எனக்கும் அதே பதில் வந்தது, கொஞ்சம் நல்ல பேப்பரில்.

வேலையில் அடிபட்டால் சம்பளத்தில் பெரும்பங்கும் சிகிச்சையும் கொடுக்க இங்கே ஓர் அமைப்பு இருக்கிறது. அதற்கு எழுதிப்போட்டேன். கம்பெனி என்ன சொன்னது தெரியுமா? இந்தம்மாள் வீட்டிலேயே கையைச் சுட்டுக்கொண்டு வேலைக்கு வந்திருக்கிறார், முடியாமல் பாதியில் கிளம்பிவிட்டார், ஆஸ்பத்திரியில் அவரே அப்படித்தான் சொல்லியிருக்கிறார் என்று எழுதிவிட்டது. பழம் நழுவிப் பாலில் விழுந்தால் யார் வேண்டாம் என்பார்கள்? குர்மீத் இருந்தால் சாட்சி சொல்லியிருப்பார். அவர் அதற்குள் வேலையை விட்டு வேறு மாகாணத்துக்குப் போய்விட்டார், போன் நம்பரும் மாறிவிட்டது. லைனில் நின்ற மற்ற பெண்கள் வேலைக்குப் பயந்து, பார்க்கவில்லை என்றார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அந்தப் பயத்தோடு வளர்ந்தவள்தானே நான்.

மறுப்புக் கடிதத்தை மீனாதான் படித்துச் சொன்னாள். எனக்கு இங்கிலீஷ் தெரியும், ஆனால் அந்தக் கடித இங்கிலீஷ் வேறு ஜாதி. படித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, தட்டு இறங்கினபோதுகூட அப்படி வலிக்கவில்லை.

“ஏம்மா பொய் சொன்னே?” என்றாள்.

சொல்லிப் பார்த்தேன். பயராபீஸ், சீல், அடுப்பு, பெரியம்மா கை. பாதியிலேயே நிறுத்திவிட்டாள். அது அங்கே, இது இங்கே, நீ ஏன் இங்கே வந்தும் சொன்னாய் என்றாள். அவள் கேட்டது நியாயம். அதற்கப்புறம் கொஞ்ச காலம் அவள் என்னிடம் எதையும் முழுசாக நம்பவில்லை. பாலில் சர்க்கரை போட்டாச்சு என்றால்கூட ஒரு வாய் குடித்துப் பார்த்துத் தலையாட்டுவாள்.

நாட்கள் ஒரே மாதிரி போயின. காலையில் கையுறையைத் துவைத்துக் காயப்போட்டு இன்னொன்றை மாட்டுவேன். ரப்பர் பந்தை அமுக்குவேன். பயிற்சிக்குப் போவதைக் குறைத்துக்கொண்டேன், கைக்காசில் எத்தனை தரம்தான் போவது? வீட்டுக்காரர் கூடுதலாக ஓட்டினார். பரவாயில்லை விடு செல்வி, இருக்கிற கை போதும் என்றார். அவர் ஆறுதலாகச் சொன்னதுதான். ஆனால் என் விரலும் அக்கா விரல் மாதிரி மடங்கிக்கொண்டு வந்தது. பொய்க்காரி என்ற பெயரோடு மடங்கின கையும் சேர்ந்து எனக்கு நிலைத்துவிடும் என்று பயந்தேன்.

ஏழை பாழைகளுக்குக் காசு வாங்காமல் வழக்கு நடத்தும் மையம் ஒன்று இருந்தது. அங்கே ஒரு பெண் என் கதையைப் பொறுமையாகக் கேட்டாள். மேல்முறையீடு செய்யலாம் என்றாள். அடிபட்ட அன்றைக்கே நடந்ததை நடந்தபடி யாரிடமாவது சொன்னீர்களா என்று கேட்டாள். அக்காவிடம் சொன்னேன் என்றேன். அப்படியானால் அக்கா வந்து சொல்லட்டும், போனில் சொன்னால் போதும் என்றாள்.

அக்காவா? அதிகாரியிடமா?

5

ஊருக்குப் போன் போட்டுக் கேட்டேன். என்னைக் கோர்ட்டுக்கு இழுக்காதடி என்றாள். இது கோர்ட் இல்லை, ஓர் அம்மா கேட்பாங்க, நீ நடந்ததைச் சொன்னால் போதும் என்றேன். நடந்ததைச் சொல்லணுமா என்று மறுபடி கேட்டாள். அவள் இன்னமும் அதே கம்பெனியில்தான் பெட்டி ஒட்டுகிறாள். எதிர்வீட்டில் இன்னமும் சங்கரபாண்டி அண்ணன்தான். கடைசியில், உன் கை எப்படி இருக்கு, விரல் நீட்ட வருதா என்று கேட்டாள். மோதிர விரல் வரமாட்டேங்குது என்றேன். அதற்கப்புறம் அவள் வாதாடவில்லை.

விசாரணை எங்களுக்குக் காலை, ஊருக்கு இருட்டுகிற நேரம். அக்கா வேனை விட்டு இறங்கி, கைகால் கழுவிவிட்டுப் போனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். என் பக்கத்தில் மீனா. லைனில் விசாரிக்கிற அதிகாரியம்மா, கம்பெனியின் ஆள், மொழிபெயர்க்க யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர். நிதானமான மனுஷர்தான், ஆனாலும் அவருக்கும் எங்கள் பேச்சு புதுசு. அக்கா பயராபீஸில் வேலை என்றதை அப்படியே இங்கிலீஷில் போட்டுவிட்டார். அதிகாரியம்மா மிகுந்த மரியாதையோடு, தீயணைப்பு நிலையத்தில் எத்தனை காலமாகப் பணிபுரிகிறீர்கள் என்று கேட்டார். நான் குறுக்கே விழுந்து திருத்தினேன். அந்தப் பதற்றத்திலும் மீனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அன்றைக்குத் தங்கை என்ன சொன்னாள் என்று கேட்டார்கள். மெஷினில் கை மாட்டிக்கொண்டதாகச் சொன்னாள் என்று அக்கா சொன்னாள். கம்பெனியின் ஆள், அப்படியானால் ஆஸ்பத்திரியில் ஏன் வேறு மாதிரி சொன்னாராம் என்றார். ஐயா அதைத் தமிழில் சொல்லி முடித்தார். அந்தப் பக்கம் யார் வீட்டு டிவியிலோ நாடகம் ஓடுவது எனக்குக் கேட்டது. தெருவில் ஒரு பைக் வந்து நின்றது. அது எதிர்வீட்டு அண்ணன் பைக் என்று எனக்குத் தெரியும்.

“கொஞ்சம் இருங்கம்மா. கதவைச் சாத்திட்டு வாரேன்” என்றாள் அக்கா.

எங்கள் வீட்டுக் கதவு சாத்தும்போது தரையில் இழுபடும். அந்தச் சத்தம் கனடா வரைக்கும் கேட்டது. திரும்பி வந்து உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்திக்கொள்வாள் என்று நினைத்தேன். தாழ்த்தவில்லை.

“எங்க ஊர்ல கம்பெனில தீப்பட்டா அடுப்புல பட்டுச்சுன்னுதாம்மா சொல்லுவோம். சொல்லலைன்னா கம்பெனியை மூடிருவாக, அம்புட்டுப் பேருக்கும் வேலை போயிரும். சின்னப்பிள்ளையில இருந்து கேட்டுக் கேட்டு அது பளக்கம். அவ ஆஸ்பத்திரில அப்படிச் சொன்னேன்னு சொன்னப்ப, நல்லதுன்னு நான்தான் சொன்னேன். என் கையும் அடுப்புல வேகல. பயராபீஸ்ல வெந்துச்சு. எந்த ஆபீசர்கிட்டயும் இதைச் சொன்னதில்ல, ஒங்ககிட்டதான் சொல்றேன். என் தங்கச்சி பொய்க்காரி இல்லம்மா.”

ஐயா ஒவ்வொரு வாக்கியமாக மொழிபெயர்த்தார், இந்தத் தடவை பயராபீஸைச் சரியாகவே சொன்னார். கம்பெனியின் ஆள் மேற்கொண்டு கேள்வி இல்லை என்றார். மீனா என் இடது கையைப் பிடித்திருந்தாள். எப்போது பிடித்தாள் என்று எனக்குத் தெரியாது. ஐயா இங்கிலீஷில் சொல்லும் முன்பே, பெரியம்மா சொன்னதில் பாதி அவளுக்குப் புரிந்திருந்தது, அழுதுகொண்டிருந்தாள்.

6

சில வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. காயம் வேலையில்தான் பட்டது, மனுதாரர் ஆஸ்பத்திரியில் சொன்னதற்கு அவர் தந்த விளக்கம் நம்பத்தக்கது. இப்போதும் மீனாதான் படித்தாள். நம்பத்தக்கது என்ற இடத்தை இரண்டாம் தரம் வாசிக்கச் சொன்னேன், முகத்தைச் சுளிக்காமல் வாசித்தாள். கடைசியில், “சாரிம்மா” என்றாள். போடி, போய்ப் பாலைக் காய்ச்சு என்றேன். எனக்கு அன்றைக்கு வந்த தூக்கம் மாதிரி இந்த நாட்டுக்கு வந்த நாளில் இருந்து வந்ததில்லை.

விட்டுப்போன பயிற்சியெல்லாம் திரும்ப ஆரம்பித்தது. மோதிர விரல் மெல்ல மெல்ல வழிக்கு வந்தது. முழுசாக நீளாது, ஆனால் சோறு பிசைய, ஜடை பின்ன அது போதும். வேறு கம்பெனியில் லேபிள் ஒட்டும் வேலைக்கும் சொல்லியிருக்கிறார்கள்.

கையுறையைக் கழற்றின அன்றைக்கு அக்காவுக்கு வீடியோவில் போன் போட்டேன், கையைக் காட்டத்தான். பார்த்தாள், விரலை எண்ணுகிற மாதிரி ஒவ்வொன்றாக ஆட்டச் சொன்னாள். அப்புறம் சொல்லலாமா வேண்டாமா என்று இருந்துவிட்டு ஒரு சங்கதி சொன்னாள். முந்தின வாரம் கம்பெனியில் பக்கத்து வீட்டு மாரீஸ்வரிக்கு முழங்கை வரைக்கும் சுட்டுவிட்டதாம். அக்காதான் ஆஸ்பத்திரிக்குக் கூடப் போனாளாம். சங்கரபாண்டி அண்ணனும் நின்றிருக்கிறார். டாக்டர், எப்படிப் பட்டது என்று கேட்டிருக்கிறார். மாரீஸ்வரி அண்ணனைப் பார்த்திருக்கிறாள், அண்ணன் தரையைப் பார்த்திருக்கிறார்.

“நான் சொன்னேன்டி, பயராபீஸ்லன்னு. டாக்டரு பாட்டுக்கு எழுதிக்கிட்டாரு.”

அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டேன். ஆபீசர்கள் வந்து பார்த்தார்களாம். ஒரு ரூமை மட்டும் மூடிவிட்டுப் போனார்களாம். மற்றபடி வேன் தினமும் வருகிறது, எல்லாரும் போகிறார்கள். மாரீஸ்வரி மனு விருதுநகருக்குப் போயிருக்கிறது, ஆஸ்பத்திரிச் சீட்டில் சரியாகவே எழுதியிருக்கிறது. அண்ணன் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை, மூன்றாம் நாள் வந்து, மருந்து ரூமில் வாளியும் மணலும் கூட வைக்கச் சொல்லியிருக்கேன் என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

அவள் இதையெல்லாம் நல்ல சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் திறந்த கதவு வழியாகத் தெருவும் எதிர்வீட்டு வாசலில் நிற்கும் பைக்கும் தெரிந்தன. பழைய பயம் எனக்குத்தான் விடவில்லை. மெதுவாகப் பேசுக்கா, கதவைச் சாத்திக்கோ என்றேன்.

“எதுக்குடி?” என்றாள். “தொறந்தே கெடக்கட்டும்.”